ஒரு பரப்புக் களிமண்: இங்கிலாந்து அலொட்மென்ட்டில் வசந்தகாலக் கொத்தலும் நடுகையும்

அலொட்மென்ட் என்பது மரக்கறி விளைவிக்க உள்ளூர்க் கவுன்சில் குத்தகைக்குக் கொடுக்கும் நிலத்துண்டு. இங்கிலாந்தில் ஒரு முழு அலொட்மென்ட்டின் வழமையான அளவு பத்து ரொட். ரொட், போல், பேர்ச் மூன்றும் ஒரே அளவுக்குப் பெயர்கள்தான். யாழ்ப்பாணத்துக் காணி உறுதி வாசித்தவர்களுக்கு மிச்சக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பேர்ச் என்றால் ஒரு பரப்பு. ஏறத்தாழ 250 சதுர மீட்டர். தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறேகால் சென்ட். காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டதால் இப்போது பல கவுன்சில்கள் அரைப் பங்கு, அதாவது 125 சதுர மீட்டர்தான் கொடுக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே தாராளம்.

அளவு பொருந்துகிறது, மண் பொருந்தாது. ஊர்ச் செம்மண்ணில் மழை பெய்த அடுத்த நாள் கொத்தலாம். லண்டன் களிமண்ணில் அப்படிச் செய்தால் அந்த வருடம் முழுக்க அழ வேண்டிவரும். என் முதல் வருடத்தில் மார்ச் முதல் ஞாயிறு வெயில் எறித்ததும் ஸ்பேட்டோடு (காலால் மிதித்து மண்ணில் இறக்கும் தட்டை அலகுக் கருவி) ஓடினேன். முந்தின மூன்று நாளும் மழை. ஒரே நாளில் பாதி நிலத்தைப் புரட்டிவிட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். மே மாதம் அந்தக் கட்டிகள் செங்கல்லாக இறுகிக் கிடந்தன. அதில் தூவிய கரட் விதையில் பத்துக்கூட முளைக்கவில்லை. இந்த வழிகாட்டியில் அரைவாசி அந்த ஞாயிற்றுக்கிழமையில் கற்றதுதான்.

ஒப்பந்தத்தை வாசியுங்கள்

திறப்பு (சாவி) கைக்கு வந்ததும் நிலத்துக்கு ஓடாமல் குத்தகைத் தாளை ஒருமுறை வாசியுங்கள். 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அலொட்மென்ட் தோட்டம் என்பது முழுமையாகவோ பெரும்பாலுமோ குடும்பத்தின் சாப்பாட்டுக்காக மரக்கறியோ பழமோ விளைவிக்கும் நிலம். அதனால் பாதியைப் புல்தரையாக்கி நாற்காலி போட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். குப்பை எரிக்கலாமா, குழாய் போட்டுத் தண்ணீர் இறைக்கலாமா, ஷெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு. பழைய கம்பளத்தை விரித்துக் களையை மூடுவதைப் பல இடங்களில் தடுத்திருக்கிறார்கள். சாயமும் பிளாஸ்டிக் நாரும் மண்ணில் கலந்துவிடும் என்பது காரணம்.

வேலியில் புதர் இருந்தால் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை அதில் கத்தி வைக்க வேண்டாம். பறவைகள் கூடு கட்டும் காலம் அது. குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எந்த நாளில் இறங்குவது

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், சப்பாத்தைப் பாருங்கள். நிலத்தில் பத்து அடி நடந்து திரும்பும்போது சப்பாத்தின் அடியில் மண் அப்பிக்கொண்டு வந்தால் அன்று வேலை இல்லை. தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இன்னொரு சோதனை: ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி உருட்டுங்கள். பெருவிரலால் தட்டியதும் உருண்டை உதிர்ந்தால் கொத்தலாம். பிட்டு மாவுக்குப் பதம் பார்க்கிற அதே பார்வைதான். கொழுக்கட்டை மாதிரி பளபளவென்று நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஈரக் களிமண்ணை மிதித்துக் கொத்தும்போது மண்ணுக்குள் இருக்கும் காற்றுத் துளைகள் நசுங்கிப்போகின்றன. பிறகு தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது.

உண்மையில் களிமண்ணைக் கொத்த நல்ல காலம் ஒக்டோபர், நவம்பர். புரட்டிய கட்டிகளை அப்படியே விட்டால் குளிர்காலத்தில் அவற்றுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிந்து, இளகிச் சுருங்கி, கட்டியைத் தானாகவே உடைத்துவிடும். ஊரில் வெயில் செய்யும் வேலையை இங்கே உறைபனி செய்கிறது. ஆனால் புதிதாக நிலம் கிடைப்பவர்களில் பலருக்கு அது வசந்தகாலத்தில்தான் கிடைக்கும். அப்படியானால் மார்ச் நடுப்பகுதி வரை காத்திருந்து, தொடர்ந்து நாலைந்து நாள் காய்ந்த காற்று வீசிய பிறகு இறங்குங்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். அதன்பின் வேலை முடிந்து வந்தும் ஒரு மணி நேரம் கொத்த வெளிச்சம் இருக்கும்.

கருவிகள்

நாலு சாமான் போதும். ஸ்பேட், ஃபோர்க், ரேக், டச் ஹோ என்று இங்கே சொல்லும் தள்ளு செதுக்கி. கடைசியாகச் சொன்னது நமக்குப் புதிதல்ல. நுனியில் தட்டையான அலகு, அதைத் தரையோடு ஒட்டித் தள்ளினால் களையின் கழுத்து அறுபடும். அப்பர் கையில் கோயில் சிற்பங்களில் பார்க்கும் உழவாரத்தின் வேலையே இது, பிடி மட்டும் நீளம்.

மண்வெட்டி வேண்டுமென்று தேடி அலைந்தேன், கடைசியில் கிடைத்தது. பாத்தி கட்டவும் கிழங்குக்கு மண் அணைக்கவும் அதைப்போல் ஒன்றில்லை. ஆனால் வேர் பின்னிக் கிடக்கும் புது நிலத்தைத் திறக்க மண்வெட்டி சரிவராது. அது வேரைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அதற்கு நாலு பல் ஃபோர்க்தான். பழைய சாமான் விற்கும் சந்தையில் மரப்பிடி போட்ட பழைய ஃபோர்க் கிடைத்தால் விடாதீர்கள். மலிவான புதியவற்றின் பல் முதல் கல்லிலேயே வளைந்துவிடும்.

நிலத்தில் என்ன இருக்கிறது

அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். புது நிலத்துக்கு இதைவிட நல்ல அறிவுரை யாரும் சொல்லவில்லை. அரைப் பங்கை நாலாகப் பிரியுங்கள். இந்த வசந்தத்தில் ஒரு கால், துணிவு இருந்தால் இரண்டு கால். மிச்சத்தின் புல்லை நிலமட்டத்துக்கு வெட்டி, வெளிச்சம் புகாத கறுப்புத் தறப்பாளால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். முழுவதையும் ஒரே மாதத்தில் திறந்தவர்கள் ஜூனில் இடுப்பளவு களைக்குள் நிற்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

திறக்கும் பகுதியில் எந்தக் களை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருடக் களைகள் ஒரு பொருட்டே அல்ல, செதுக்கினால் போய்விடும். மூன்று பேரிடம் மட்டும் கவனம் வேண்டும். கௌச் புல் நம் அறுகுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. வெள்ளை நூல்கயிறு போல நிலத்தடியில் ஓடும் தண்டு, ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை. பைண்ட்வீட் ஒரு கொடி. பால்நிறத்தில் சுலபமாக முறியும் அதன் வேரில் ஒரு விரற்கடை மிஞ்சினாலும் திரும்ப வரும். மூன்றாவது டொக், டான்டிலியன் வகையறா, நேராக இறங்கும் ஆணிவேர். இவற்றின் வேர்களைக் கொம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் பல வாரம் ஊறவைத்து அழுகவிட்டு, அதன்பின் கொட்டுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டுங்கள்.

யாராவது இரக்கப்பட்டு, சுழலும் அலகால் மண்ணைக் கிளறும் ரொட்டவேற்றர் இயந்திரம் இரவல் தந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கௌச் வேரை அது ஐம்பது துண்டாக்கி ஐம்பதையும் நட்டுவிட்டுப் போகும்.

கொத்தும் முறை

1. நிலத்தின் ஒரு ஓரத்தில் கயிறு கட்டி, 30 செ.மீ. அகலத்துக்கு ஸ்பேட்டின் அலகு முழுதாக இறங்கும் ஆழம் வரை (சுமார் 25 செ.மீ.) ஒரு கால்வாய் வெட்டுங்கள். எடுத்த மண்ணை ஒற்றைச் சில்லு வண்டியில் ஏற்றி மறு ஓரத்தில் குவியுங்கள். கடைசியில் தேவைப்படும்.

2. கால்வாயின் அடியை ஃபோர்க்கால் குத்தி இளக்குங்கள். புரட்ட வேண்டாம். அடிமண் அடியிலேயே இருக்கட்டும்.

3. நன்றாக மக்கிய எரு இருந்தால் அடியில் ஒரு சாண் உயரத்துக்குள் பரப்புங்கள். கரட், பார்ஸ்னிப் போடப்போகும் பகுதிக்கு எரு வேண்டாம்; வேர் கவைவிட்டு இரண்டு கால் மனிதன் மாதிரி வரும்.

4. அடுத்த 30 செ.மீ. பட்டியை ஃபோர்க்கால் கிளப்பி, களை வேரைக் கையால் உருவி எடுத்துவிட்டு, அந்த மண்ணை முதல் கால்வாய்க்குள் தள்ளுங்கள். வேரை இழுக்கக் கூடாது. மண்ணை உதிர்த்தால் வேர் தானாகக் கழன்று வரும். நேரம் போவது இந்த இடத்தில்தான். போகட்டும்.

5. இப்படியே பின்னோக்கி நகர்ந்து, கடைசிக் கால்வாயை முதலில் குவித்த மண்ணால் நிரப்புங்கள்.

புதியவருக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் போதும். ஸ்பேட்டை முதுகால் அல்ல, உடம்பின் எடையைக் காலில் போட்டு இறக்க வேண்டும். பாதி அலகு மண்ணோடு தூக்கினால் முதுகு தப்பும். கொத்திய மண்ணில் நடக்காதீர்கள். நடந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகை போட்டு அதில் நில்லுங்கள். இரண்டாவது கால்வாய்க்குள் ஒரு ரொபின் குருவி வந்து, ஃபோர்க்கின் பிடிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து புழுவுக்குக் காத்திருக்கும். அதற்குப் பயம் கிடையாது.

கொத்தி முடிந்ததும் உடனே விதைக்க வேண்டாம். கட்டிகளின் மேற்புறம் வெளிறிக் காயும்வரை விட்டு, ரேக்கின் முதுகால் தட்டி உடைத்து, வாரிச் சமப்படுத்துங்கள். பிறகு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். மேல்மண்ணில் இருந்த களை விதை எல்லாம் முளைத்து வரும். வெயில் நாளொன்றில் அதை மேலாகச் செதுக்கிவிட்டு அதன்பின் விதையுங்கள். ஜூன் மாதத்துக் குனிவில் பாதி இதனால் மிச்சம். களை முளைக்கத் தொடங்கினால் மண் சூடேறிவிட்டது என்பதும் அதே அடையாளத்தில் தெரிந்துவிடும்.

கொத்தாமல் விடுவோர்

மண்ணைக் கிளறவே கூடாது என்று ஒரு பெரிய கட்சி இங்கே இருக்கிறது. சாமர்செட்டில் தோட்டம் செய்யும் சார்ல்ஸ் டௌடிங் அதன் அறியப்பட்ட முகம். புல்லின் மேல் அட்டைப் பெட்டிகளை விரித்து, அதன்மேல் 15 செ.மீ. அளவு கொம்போஸ்ட் கொட்டி, அதிலேயே நடுவது முறை. மண்புழுவும் பூஞ்சையும் கட்டும் அமைப்பு கலையாது, புதைந்திருக்கும் களை விதையும் மேலே வராது. நான் இதை நம்புகிறேன், ஆனால் முதல் வருடத்தில் அல்ல. பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கன மீட்டர் கொம்போஸ்ட் வேண்டும். அதை வாங்கும் காசுக்குக் கடையிலேயே மரக்கறி வாங்கிவிடலாம். பைண்ட்வீட் அட்டையைத் துளைத்து வரவும் செய்யும். ஆகவே முதலில் ஒருமுறை கொத்தி வேர் எடுப்பது, பிறகு வருடாவருடம் ஐந்து செ.மீ. கொம்போஸ்ட்டை மேலே பரப்பி மண்வெட்டியை ஷெட்டுக்குள் வைப்பது. என் நிலத்தில் இதுதான் சரிவந்தது.

எருவைச் சோதியுங்கள்

குதிரைத் தொழுவங்களில் சாணம் சும்மா கிடைக்கும். கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் அமினோபைரலிட் என்ற மருந்து, குதிரையின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் வைக்கோலிலும் நின்றுவிடும். குதிரைக்குக் கேடில்லை, உங்கள் உருளைக்கிழங்கும் தக்காளியும் அவரையும் இலை சுருண்டு நிற்கும். ஒரு சட்டியில் அந்த எருவைக் கொம்போஸ்ட்டோடு கலந்து நாலைந்து புரோட் பீன்ஸ் (பெரிய விதையுள்ள ஒரு வகை அவரை) விதை போடுங்கள். எரு கலக்காத சட்டியிலும் அதேபோல் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி நின்றால் எருவை நம்பலாம்.

முட்டைக்கோஸ் குடும்பம் வைக்கும் பகுதிக்குச் சுண்ணாம்பு இடுவது நல்லது. மண் புளித்திருந்தால், அதாவது அமிலம் கூடியிருந்தால், வேர்முண்டு நோய் வரும். சுண்ணாம்பையும் எருவையும் ஒன்றாகப் போடக் கூடாது, தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். உருளைக்கிழங்குப் பகுதிக்குச் சுண்ணாம்பே வேண்டாம், தோல் சொறி பிடிக்கும்.

உருளைக்கிழங்கு

புதிதாகத் திறந்த நிலத்தில் முதற்பயிர் இதுவே. கிழங்கு தானாக மண்ணைத் திருத்தாது. ஆனால் நடும்போதும் மண் அணைக்கும்போதும் கிண்டும்போதும் நீங்கள் மூன்று முறை மண்ணைப் புரட்டுவீர்கள், மூன்று முறையும் விட்டுப்போன வேர் கையில் அகப்படும்.

கடைக் கிழங்கை நடாதீர்கள். வைரஸ் நோய் சுமந்து வரலாம். சான்றிதழ் பெற்ற விதைக்கிழங்கு ஜனவரி முதல் கிடைக்கும். முட்டை அட்டையில் கண் அதிகமுள்ள முனை மேலே பார்க்க அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியுமான, உறைபனி படாத அறையில் வையுங்கள். இருட்டில் வைத்தால் வெள்ளையாக நீண்ட முளை வந்து தொட்டதும் முறியும். வெளிச்சத்தில் கரும்பச்சையாக ஒரு அங்குலத்துக்குக் குட்டையாகத் தடித்து நிற்கும். அதுதான் வேண்டும்.

மூன்று தவணை உண்டு. ரொக்கெட், அரன் பைலட் போன்ற, சீக்கிரம் விளையும் முதல் முந்திகள் மார்ச் கடைசியில். ஷார்லட் போன்ற இரண்டாம் முந்திகள் ஏப்ரல் முற்பகுதியில். மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட், டிசைரே முதலிய பெரும்போக வகைகள் ஏப்ரல் நடுவிலிருந்து. பெரிய வெள்ளியில் நட வேண்டும் என்று ஆங்கிலேயக் கிழவர்கள் சொல்வார்கள். அந்த நாள் மார்ச் 20க்கும் ஏப்ரல் 23க்கும் இடையில் எங்கும் விழும் என்பதால் அந்த வழக்கத்தை அவர்களுக்கே விட்டுவிடலாம். பத்து செ.மீ. ஆழத்தில் மண் 7 பாகை செல்சியஸுக்கு மேல் நின்றால் நடலாம். ஒரு மலிவான வெப்பமானியைக் காலையில் குத்திப் பாருங்கள்.

12 செ.மீ. ஆழத்தில் முளை மேலே பார்க்க வையுங்கள். முந்திகளுக்குச் செடிக்கிடை 30 செ.மீ., வரிசைக்கிடை 60; பெரும்போகத்துக்கு 40, 75. இலை ஒரு சாண் உயர்ந்ததும் இரு பக்கத்திலிருந்தும் மண்ணை இழுத்து, நுனி மட்டும் தெரிய அணையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொருமுறை. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சு. அணைப்பதன் முதல் காரணம் அது. இரண்டாவது காரணம் உறைபனி. தென்கிழக்கு இங்கிலாந்தில் ஏப்ரல் கடைசிவரை, நடுப்பகுதியில் மே நடுவரை, ஸ்கொட்லாந்தில் ஜூன் தொடக்கம் வரைகூட இரவில் உறையலாம். தெளிவான வானம், காற்றில்லாத மாலை, பகலில் நல்ல வெயில்: சந்தேகப்படுங்கள். போர்வை மாதிரி விற்கும் ஃபிளீஸ் துணியாலோ பழைய பத்திரிகைகளாலோ மூடிவிட்டு வாருங்கள். தப்பித் தவறி இலை கறுத்துப்போனாலும் பிடுங்க வேண்டாம். அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும், அறுவடைதான் கொஞ்சம் தள்ளும்.

மற்றவை, சுருக்கமாக

வெங்காயம்: செட் என்ற பெயரில் சிறு வெங்காயமாகவே விற்கிறார்கள். ஊரில் சின்ன வெங்காயம் நட்டவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மார்ச் நடு முதல் ஏப்ரல் நடு வரை, 10 செ.மீ. இடைவெளியில், நுனி மட்டும் தெரிய. நீண்டிருக்கும் காய்ந்த வாலைக் கத்தரித்துவிடுங்கள்; பறவைகள் அதைப் பிடித்துத்தான் இழுத்துப் போடும்.

புரோட் பீன்ஸ்: ஏப்ரல் வரை, 5 செ.மீ. ஆழம், 20 செ.மீ. இடைவெளி. அடியில் பிஞ்சு பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கறுத்த அசுவணி குறையும். கிள்ளிய நுனியைத் தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம், நன்றாகவே இருக்கும்.

கரட்: ஏப்ரலிலிருந்து, ஒரு செ.மீ. ஆழத்தில், மிக ஐதாக. நெருங்கிய நாற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடும்போது எழும் இலை மணத்துக்கு கரட் ஈ வரும். அது தாழ்வாகப் பறப்பது, 60 செ.மீ. உயரத்துக்கு மெல்லிய வலை சுற்றிக் கட்டினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

பட்டாணி, பீட்ரூட், ராடிஷ்: ஏப்ரலில் போட்டால் வரும். முட்டைக்கோஸ் நாற்றுக்கு மட்டும் முதல் நாளே வலை. புறாக்கள் ஒரு காலையில் தண்டை மட்டும் மிச்சம் வைக்கும்.

நம் மரக்கறிகள்

கொத்தமல்லி, வெந்தயக்கீரை ஏப்ரல் நடுவிலேயே திறந்த நிலத்தில் வரும். கொத்தமல்லி வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும், அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகத் தூவுங்கள். முளைக்கீரைக்கு அவசரப்படக் கூடாது. மே கடைசிக்கு முன் போட்டால் குளிரில் சிவந்து குந்தியிருக்கும். ஜூன் முதல் வாரத்தில் தூவினால் ஒரு மாதத்துக்குள் வெட்டலாம். பக்கத்து நிலத்துக் கரீபியன்காரர் அதைக் கலலூ என்பார், வங்காளிகள் டாட்டா என்பார்கள். விதை இல்லாவிட்டால் அவர்களிடம் கேளுங்கள்.

மிளகாயை பெப்ரவரியிலேயே வீட்டுக்குள் 20 பாகைக்கு மேல் வெப்பத்தில் முளைக்கவைக்க வேண்டும். பூசணி, கூர்ஜெட் (சுக்கினி), ரன்னர் பீன்ஸ் (கொடி அவரை) ஏப்ரல் கடைசியில் யன்னலோரச் சட்டியில். இவற்றை நேரே வெளியே வைத்தால் செத்துவிடும். ஒரு வாரம், பத்து நாள், பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கி, மே கடைசியில் நடுங்கள். பாகற்காய், புடலங்காய், சுரைக்காய் மூன்றுக்கும் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பொலிட்டனல் கூடாரமோ கண்ணாடி வீடோ வேண்டும். திறந்த நிலத்தில் நல்ல கோடை வாய்த்தால் நாலு காய் பிடிக்கலாம். முருங்கை வளருமா என்று கேட்காதீர்கள்.

நத்தை

ஓடில்லாத நத்தைதான் இந்த நாட்டின் உண்மையான எதிரி. ஈரமான மே இரவொன்றில் ஒரு வரிசை அவரை நாற்றை முடித்துவிடும். மெட்டல்டிஹைட் கலந்த பழைய நீலக் குருணைகளை வெளியிடங்களில் பாவிப்பது 2022 ஏப்ரல் முதல் தடை. ஷெட்டின் மூலையில் பழைய பெட்டி கிடந்தால் கவுன்சிலின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள். ஃபெரிக் பொஸ்பேட் குருணை பாவிக்கலாம். மண் 5 பாகையைத் தாண்டினால் நத்தையைக் கொல்லும் நெமற்றோட் என்ற நுண்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம், நன்றாக வேலை செய்யும், விலைதான் கடிக்கும். நான் செய்வது: இரவு பத்து மணிக்கு டோர்ச்சும் உப்புத் தண்ணீர் வாளியும். நாற்றைக் கொஞ்சம் பெரிதாக வளர்த்து நடுவதும், தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விடுவதும் பாதிச் சேதத்தைத் தடுக்கும்.

ஜூன் நடுவில் முதல் முந்திக் கிழங்கு பூக்கத் தொடங்கும். சில வகை பூக்காது. நட்டுப் பத்துப் பன்னிரண்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். அப்போது செடியைப் பிடுங்காமல், அணைத்த மண்ணின் ஓரத்தில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். கோழிமுட்டை அளவுக்கு இருந்தால் இரவுச் சமையலுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மண்ணைத் திரும்ப அணைத்துவிடுங்கள்.